எச்சில் பிரஷ்

ஈரமான ஸ்கீ சப்பாத்துக்குள் கையை விட்டு உள்ளுறையை வெளியே இழுக்கும்போது ஒரு நாற்றம் வரும். ஜெர்மன்காரன், ஹொலண்ட்காரன், பெல்ஜியக்காரன் என்று கால்கள் வேறு வேறாக இருக்கலாம், நாற்றம் ஒன்றுதான். புளித்த பாலில் நாயைக் குளிப்பாட்டியது போல இருக்கும். முதல் கிழமை முழுக்க வாந்தி எடுத்தேன். பிறகு பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கடைசிவரை எனக்கு அது பழகவேயில்லை.

எண்பத்தேழு மார்கழியில் அந்த வேலை கிடைத்தது. சுவிஸில், லூசேர்னிலிருந்து ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போகவேண்டிய ஒரு மலைக் கிராமம். அங்கே ஒரு ஹோட்டலின் நிலவறையில், விருந்தாளிகளுக்குப் பனியில் சறுக்க வாடகைக்குக் கொடுக்கும் ஸ்கீ பலகைகளையும் சப்பாத்துகளையும் பராமரிப்பது. அதுவரை நான் எம்மன்புரூக்கேயில், அகதி விண்ணப்பம் போட்டவர்களை வைத்திருந்த வீட்டில், ஓர் அறைக்குள் எட்டுப் பேரில் ஒருவனாகக் கிடந்தேன். ஒருவன் இருமினால் எல்லோருக்கும் விழிப்பு வரும். ஒரு சட்டிக்காகச் சமையலறையில் அடிபிடி நடக்கும். குளியலறை வாளியில் யாருடையதென்று தெரியாத உள்ளாடைகள் நாள்கணக்கில் ஊறும். மலையில் வேலையும் இரண்டு பேருக்கு ஓர் அறையும் என்றபோது கசக்குமா? நாற்றத்தோடு சேர்த்தே ஒப்புக்கொண்டேன். வேலை போனால் திரும்ப அந்த எட்டுப் பேர் அறைதான் என்பது மட்டும் எப்போதும் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது.

அந்த அறையின் மற்றக் கட்டில் உருத்திரமூர்த்தி அண்ணையுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முந்தின குளிர்காலமே அங்கே வந்து நிலவறையில் வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்தில் எனக்குப் பக்கத்து ஊர். நான் பையை இறக்கி வைக்க முன்னமே விசாரணை தொடங்கிவிட்டது.

"தம்பி, நீர் எந்த இடம்?"

ஊரைச் சொன்னேன்.

"ஊரிலை எவடம்?"

"பிள்ளையார் கோயிலடி."

"கோயிலுக்கு முன்பக்கமோ, பின்பக்கமோ?"

"கொஞ்சம் தள்ளி, அண்ணை."

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தக் கேள்விகள் எதற்கென்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ என்ன சாதி என்று நேரே கேட்க வெட்கம். ஆகவே வீட்டைத் தேடுகிற மாதிரி சாதியைத் தேடுவார்கள். கோயிலுக்கு எந்தப் பக்கம், எந்தக் கிணறு, எந்த ஒழுங்கை என்று வேலியைப் பிரித்துப் பிரித்து உள்ளே வந்து, அடுப்படியில் நின்று மூச்சு விடுவார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த நாட்டிலும் இந்த விசர்க் கேள்வியை விடவில்லையே என்று எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா ஊர்க் கட்டாடியார். ஊரார் துணியெல்லாம் வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தவர். அதை நான் ஒளிக்கவுமில்லை, எடுத்து விளம்பவுமில்லை. "கோயிலடி எண்டால் எங்கடை ஆக்கள்தான்" என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். இதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தார். ஒரே சட்டியில் குழைத்து ஒன்றாகச் சாப்பிட்டோம். "தம்பி, நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்காமல் அவர் சோற்றில் கை வைத்ததில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். சப்பாத்துப் பக்கம் வரமாட்டார்.

"உந்த மணம் எனக்கு ஒத்துவராது தம்பி. தலையிடிக்கும். சத்தி வரும். நீர் இளம் ஆள், நீர் பாரும்."

சரி, வாந்தி வருமென்கிறார், மூத்தவர், பிறகு வந்தவன் நான், போகட்டும் என்று நானே பார்த்தேன். நிலவறையின் ஒரு சுவர் முழுக்கச் சப்பாத்துத் தட்டுகள். எதிர்ச் சுவரில் ஸ்கீக்களும் அவற்றை இறுக்கிப் பிடித்து வேலை செய்கிற மேசையும். நடுவில் ஒரு சாக்கடைக் கண். உருகிய பனியும் தலைமயிரும் யாரோ காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரும் அதில் வந்து அடைக்கும். அந்தச் சொதசொதப்பைக் கையால் தோண்டி எடுப்பதும் என் பங்குதான்.

ஸ்கீ மேசைக்குத் தலைவன் வேர்னர் என்ற சுவிஸ்காரன். ஒரு நாள் ஆள் இல்லாத நேரத்தில் என்னை ஒரு பலகைக்கு மெழுகு தேய்க்கச் சொன்னான். மெழுகுக் கட்டியை இஸ்திரிப் பெட்டியில் ஒற்றி உருக்கி, பலகையின் அடியில் சொட்டவிட்டு, பெட்டியை ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஒரே இழுப்பாக நுனியிலிருந்து வால்வரை கொண்டுபோக வேண்டும். நின்றால் அடி கருகிவிடும். நான் செய்ததைப் பார்த்துவிட்டு வேர்னர் அடுத்த பலகையையும் நீட்டினான். அன்றிலிருந்து எனக்கு இரண்டு பக்கமும் வேலை. உருத்திரமூர்த்தி அண்ணைக்கு ஒரு பக்கம் மட்டும்.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பனியின் குணம் மாறியது. குளிர்காலப் பனி மாவு மாதிரி இருக்கும், உதறினால் போய்விடும். இது தண்ணீரும் ஐஸ் குறுணியும் கலந்த கூழ். அங்கே அதைச் சுல்ட்ஸ் என்பார்கள். கோடை வரப்போகிறது என்று ஊர் முழுக்கச் சந்தோஷப்படும். எனக்கோ பார்க்கவே குமட்டும். ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் ஒளிந்து கிடந்ததெல்லாம் மேலே வரும். நாய் மூத்திரம் மஞ்சளாக வரும், சிகரெட் கட்டைகள் வரும், பனியைச் சமப்படுத்துகிற இயந்திரம் கக்கிய எண்ணெய் கறுப்புக் கறுப்பாக வரும். அத்தனையையும் துடைத்து அள்ளிக்கொண்டு ஸ்கீக்கள் மாலையில் எங்களிடம் திரும்பும். மெழுகைச் சூடாகப் பூசி, ஆறமுன் சுரண்டினால், அந்தக் கறுப்புப் பிசின் மெழுகோடு சேர்ந்து சுருள் சுருளாக வரும். நகக்கண்ணில் ஏறினால் மூன்று நாளைக்குச் சோற்றில் அந்த மணம் இருக்கும்.

வேர்னர் முதுகு அறுவைக்காக ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்தான். போகமுன் எங்கள் இருவரையும் கூப்பிட்டு இந்தப் பனிக்கான முறையைக் காட்டினான். இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்து ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கச் சொல்லி அண்ணையிடம் கொடுத்தான். அவரால் முடியவில்லை. ஈரப் பனியில் ஸ்கீக்கு நடப்பதும் அதுதான் என்றான். அடி கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தால் தண்ணீர் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் கம்பி பிரஷ்ஷால் நுனியிலிருந்து வால்வரை அழுத்தி இழுத்து, அடி முழுக்க மெல்லிய கோடுகள் போடவேண்டும். பிறகு மஞ்சள் நிற மெது மெழுகு. ஆறிய பிறகு கண்ணுக்கு மெழுகே தெரியாத அளவுக்குச் சுரண்டவேண்டும். கடைசியில் திரும்பவும் பிரஷ் பிடித்து, கோட்டுக்குள் அடைத்த மெழுகை எடுத்துவிடவேண்டும். தண்ணீர் ஓடித் தப்பக் கோடுகள் வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். கம்பி பிரஷ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் மயிர்க்கம்பிகளுக்குள் மெழுகுத் தூள் அடைத்தால் வேர்னர் வாயருகே பிடித்து ஃபூ என்று ஊதுவான். நானும் அப்படியே ஊதினேன். அண்ணையும் ஊதினார். யாரும் எதையும் யோசிக்கவில்லை.

வேர்னர் போன கிழமை லாங்கன்தாலிலிருந்து தில்லைநாதன் என்பவர் அண்ணையைப் பார்க்க வந்தார். என் ஊர்க்காரர், அண்ணையோடு ஒன்றாகப் படித்தவராம். என்னைக் கண்டதும் அவருக்கு முகம் விரிந்துவிட்டது.

"உவர் எங்கடை கட்டாடி கந்தையற்றை மகனெல்லோ? எவ்வளவு பெரிய ஆளா வளர்ந்திட்டார்!"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர்க்காரனைக் கண்ட மகிழ்ச்சியில் சொன்னார். நானும் ஓம் என்றேன். அண்ணை அப்போது எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்து, கோப்பையை என் கையில் தராமல் மேசையில் வைத்து விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

அடுத்த நாள் தனக்கென்று ஒரு புதுக் கோப்பை வாங்கிவந்தார். சட்டியும் இரண்டானது. "எனக்கு வயித்துக் கோளாறு, தனியச் சமைக்கிறதுதான் நல்லது" என்றார். வயிற்றுக் கோளாறு கதவுப் பிடிக்கும் பரவியது. நான் திறந்த கதவைச் சட்டைக் கையால் பிடிப்பார். நீர் என்று சொன்ன வாய் நீ என்று சொல்லப் பழகியது. தம்பி என்ற சொல் அந்த அறையைவிட்டே போய்விட்டது. ஒரு நாள் நான் மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கையில் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இஸ்திரிப் பெட்டி எண்டால் உங்கடை ஆக்களுக்குக் கை தானாப் போகும், என்ன?"

பெட்டியைத் தூக்கி அந்த முகத்தில் வைக்கவேண்டும் போல இருந்தது. எட்டுப் பேர் அறையை நினைத்துக்கொண்டு பலகையில் இழுத்தேன். என் அப்பா வெளுத்த வேட்டியை உடுத்துக்கொண்டு இவர்கள் மூலஸ்தானத்து வாசல்வரை போவார்கள். அந்த வேட்டியில் தீட்டில்லை. அதை வெளுத்தவரின் மகன் குடித்த கோப்பையில் மட்டும் தீட்டு. இந்தக் கணக்கை எந்த நாய் போட்டது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் நிலவறைக்குள் போனபோது, கம்பி பிரஷ் மேசையில் இல்லை. தேடினேன். கழுவுதொட்டியில் ஒரு வாளிக்குள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மெழுகுதான் கரைந்திருக்கிறது என்று நினைத்தேன். மெழுகு தண்ணீரில் கரையாதே என்று பிறகுதான் உறைத்தது. குனிந்து மோந்து பார்த்தேன். மஞ்சள் தூள். கறிக்குப் போடும் மஞ்சள். அடியில் உப்பும் கிடந்தது.

நான் வாயால் ஊதின பிரஷ்ஷுக்குத் தீட்டுக் கழிக்கிறார்! நாயின் மூத்திரமும் இயந்திரத்தின் எண்ணெயும் அப்பிய பலகைகளைத் தேய்த்த பிரஷ் அது. அதில் அவருக்கு அழுக்காகத் தெரிந்தது என் எச்சில் ஒன்றுதான். சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. உப்புத் தண்ணீரில் கிடந்து கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாள் பிடித்து ஒவ்வொரு வரியாகத் துருவை எடுத்தேன். அண்ணை உள்ளே வந்ததும், அவர் கண்ணுக்கு முன்னாலேயே பிரஷ்ஷை வாயருகே பிடித்து, கன்னம் உப்ப, துப்பல் தெறிக்க, நன்றாக ஊதினேன்.

அவர் அன்றோடு அந்த பிரஷ்ஷைத் தொடுவதை விட்டுவிட்டார்.

"அண்ணை, பிரஷ் பிடிக்காமல் இந்தப் பனிக்குச் சரிவராது. வேர்னர் காட்டினவனெல்லோ" என்றேன்.

"மெழுகைக் கூடப் போட்டால் கூட வழுக்கும். எனக்கு நீ படிப்பிக்க வராதை" என்றார்.

அவர் தேய்த்த பலகைகள் வெண்ணெய் பூசின மாதிரி மின்னின. பார்க்க அழகாகத்தான் இருந்தன. முடிந்தவரை அவற்றை எடுத்து நான் திரும்பவும் சுரண்டிக் கோடு போட்டு வைத்தேன். அவருக்காக இல்லை, பலகை சறுக்காவிட்டால் மேலேயிருந்து வருகிற வசை இரண்டு பேருக்கும் பொதுவென்று எனக்குத் தெரியும். ஆனால் ஈஸ்டர் கிழமை வந்தது. ஹோட்டல் நிரம்பி வழிந்தது. சப்பாத்து மலையாகக் குவிந்து, உள்ளுறைகளை இழுத்து இழுத்து என் விரல் தோல் உரிந்தது. அவர் செய்ததைச் சரிபார்க்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் ஷெஃப் நிலவறைக்கு வந்தார். ஹோட்டல் முதலாளியை எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம். சாதாரணமாகப் படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்திவிட்டுப் போகிறவர், அன்றைக்கு உள்ளேயே இறங்கி வந்தார். கையில் ஒரு சோடி ஸ்கீ. மேசையில் தடாரென்று போட்டார். வருஷா வருஷம் வரும் ஸ்டுட்கார்ட் அம்மாவின் வாடகை ஸ்கீ அது. சரிவில் வேகமாக வந்தவள், கீழே சமதரையில் கூழ்ப் பனிக்குள் புகுந்ததும் பலகைகள் பசை வைத்த மாதிரி நின்றுவிட்டனவாம். பலகை நின்றது, அவள் நிற்கவில்லை. முகங்குப்புறப் போய் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பலகையைத் திருப்பிக் காட்டினார். அடி மழமழவென்று இருந்தது. ஒரு கோடுகூட இல்லை. மேலே மஞ்சள் மெழுகு தடிப்பாக, சுரண்டப்படாமல், கைரேகை விழுகிற அளவுக்கு அப்பிக் கிடந்தது. அதில் கறுப்பு அழுக்கு ஒட்டியிருந்தது.

"இதைச் செய்தது யார்? செய்தவன் சனிக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு போகலாம்" என்றார் ஷெஃப். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எங்கள் இருவரில் ஜெர்மன் கதைக்கத் தெரிந்தவன் நான்தான்.

அண்ணைக்குப் பேச வராவிட்டாலும் சனிக்கிழமை, பெட்டி என்ற சொற்கள் விளங்கிவிட்டன. என் பக்கம் திரும்பினார். கிழமைக்கணக்காக என் முகத்தைப் பார்க்காத மனிதர் நேரே பார்த்தார்.

"தம்பி தயாநிதி, நீர் செய்ததெண்டு சொல்லும். உமக்கு டொச் தெரியும், எப்பிடியும் சமாளிச்சுப்போடுவீர். எனக்கு உந்த ஆளோடை கதைக்க ஏலாதெல்லோ. ஊரிலை பிள்ளையள் இருக்கு, தம்பி."

தம்பி! நீர்! வாய் கூசாமல் அந்த இரண்டு சொல்லையும் அழுக்குத் துணி மாதிரி பொறுக்கி எடுத்து என்னிடம் நீட்டினார். அவருக்குத் தேவையென்றதும் என் தீட்டுப் போய்விட்டது. சப்பாத்து நாற்றமெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போது தோன்றியது.

"என்ன சொல்கிறான்?" என்றார் ஷெஃப்.

"நான் செய்ததாகச் சொல்லச் சொல்கிறார்."

"யார் செய்தது?"

"அவர்."

"பிரஷ் பிடிக்கவேண்டும் என்று வேர்னர் இரண்டு பேருக்கும் காட்டினான்தானே? ஏன் பிடிக்கவில்லை என்று கேள்."

கேட்டேன். அண்ணை சுவரைப் பார்த்தார். "பிரஷ் காணேல்லை எண்டு சொல்லும்" என்றார். பிரஷ் எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷெஃப் அதைக் கழற்றி என் முன்னால் ஆட்டினார்.

"பொய் வேண்டாம். உண்மையைச் சொல். இல்லாவிட்டால் இரண்டு பேரும் போகலாம்."

எட்டுப் பேர் அறையின் மணம் எனக்கு அந்த இடத்திலேயே வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை மிஞ்சும். ஆனால் அந்த உண்மையை ஒரு வெள்ளைக்காரன் முன்னால், என் வாயால், என்னைப் பற்றி நானே சொல்லவேண்டும். ஊரில் மற்றவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சொன்னதை, இங்கே நானே மொழிபெயர்த்துக் கொடுக்கவேண்டும்.

"நான் அந்த பிரஷ்ஷை வாயால் ஊதுகிறேன். அதனால் அவர் தொடமாட்டார்."

"எல்லோரும்தான் ஊதுகிறோம். அதற்கென்ன?"

"என் எச்சில் பட்டதை அவர் தொடமாட்டார்."

ஷெஃப் அரை அடி பின்னால் போனார். அவர் அதைத் தெரிந்து செய்யவில்லை. கால்கள் தாமாகவே போயின. பிரஷ்ஷை இரண்டு விரல் நுனியால் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு ஏதும் நோயா? நுரையீரலா?"

"இல்லை. இந்த நாட்டுக்குள் வந்த உடனேயே படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை."

"பிறகு ஏன்?"

"என் அப்பா ஊரில் துணி வெளுத்தவர்."

அவர் காத்துக்கொண்டிருந்தார், வசனம் இன்னும் முடியவில்லை என்று நினைத்து. ஜெர்மனில் அது அங்கேயே முடிந்துவிட்டது. தமிழில் அதற்குப் பிறகு ஆயிரம் வருஷத்துக் கதை கிடக்கிறது.

"சரி, வெளுத்தார். அதற்கு?"

"அவ்வளவுதான்."

"எங்கள் லாண்டரியில் ஆனி வெளுக்கிறாள். நான் தினமும் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன்."

"அது உங்கள் ஊர்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததெல்லாம் தமிழர்களின் விசர் என்று ஒரு முடிவுக்கு வந்த முகம். ஒரு பெருமூச்சு விட்டார். பிரஷ்ஷைத் தன் வாயருகே கொண்டுபோய், வேர்னரைப் போலவே ஃபூ என்று ஊதினார். பிறகு அதை அண்ணையிடம் நீட்டினார்.

"சரி. எனக்கு ஈஸ்டருக்கு வேறு ஆள் கிடையாது. என் முன்னால் இந்தப் பலகையைச் சரியாகச் செய்து காட்டச் சொல். காட்டினால் இருக்கலாம். இல்லாவிட்டால் சனிக்கிழமை."

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அப்போது என் மனதில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்: அவர் அதை வாங்கவேண்டும் என்று நான் விரும்பினேன். வாங்குங்கோ அண்ணை, வாங்கிவிடுங்கோ என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அந்தக் கை நீண்டு பிரஷ்ஷைப் பிடித்திருந்தால், கோப்பையையும் மஞ்சள் தண்ணீரையும் இஸ்திரிப் பெட்டிப் பேச்சையும் நான் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பேன். அவ்வளவு மலிவாக இருந்தேன்.

அண்ணையின் கை கொஞ்சம் உயர்ந்தது. பிரஷ்ஷின் மரக் கைப்பிடியைப் பார்த்தார். தினமும் நான் பிடித்துப் பிடித்து என் வேர்வையில் அது கறுத்துப் போயிருந்தது. கை கீழே போனது.

திரும்பி எதிர்ச் சுவருக்கு நடந்தார். நான் வழக்கமாக இருக்கும் முக்காலியைத் தான் கை துடைக்க வைத்திருந்த பழைய வேட்டித் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இருந்தார். குவியலிலிருந்து ஒரு சப்பாத்தை எடுத்து முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கினார். கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டார். ஈர உள்ளுறை ப்ளக் என்ற சத்தத்தோடு வெளியே வந்தது. அந்த நாற்றம் மேசைவரை வந்தது; ஷெஃப் மூக்கைப் பொத்தினார். தலையிடிக்கும், சத்தி வரும் என்ற மனிதரின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"அவருக்குச் சொல்லு, சப்பாத்து வேலை இனி நான் பாக்கிறன் எண்டு. ஸ்கீயை நீயே வைச்சுக்கொள்."

அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

ஷெஃப்புக்கு மனம் இளகிவிட்டது. "பார், பிழையை உணர்ந்து, யாரும் விரும்பாத வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறான்" என்றார். போய் அண்ணையின் தோளில் தட்டினார். என் பக்கம் வந்து, "அந்தப் பணிவு உனக்கும் கொஞ்சம் வேண்டும். சனிக்கிழமை யாரும் போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். போகும்போது கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். சப்பாத்துக்காகத் துடைத்தாரா, எனக்காகத் துடைத்தாரா என்று தெரியவில்லை.

வேலை தப்பிவிட்டது. எட்டுப் பேர் அறைக்குப் போகவேண்டியதில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு அண்ணையைப் பார்த்தேன். ஸ்டுட்கார்ட் அம்மாவின் சப்பாத்து அவர் கையில் இருந்தது. அவளுக்குக் குதிக்காலில் புண் உடைந்திருக்கவேண்டும். உறையில் சீழும் இரத்தமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அதை அவர் நகத்தால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். எடுத்து, விரலைப் பக்கத்துத் துணியில் துடைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார். ஐரோப்பா முழுக்க உள்ள கால்களின் வேர்வையையும் சீழையும் அவரால் தொட முடிகிறது. என் கைபட்ட ஒரு மரத்துண்டைத் தொட முடியவில்லை. தன்னை ஒறுத்துக்கொண்டு அங்கே இருக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

சீ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

அடுத்த நாளுக்கான ஸ்கீக்கள் வரிசையாகக் காத்திருந்தன. முதல் பலகையை மேசையில் இறுக்கி, அப்பிக் கிடந்த மெழுகைச் சுரண்டி எறிந்தேன். பிரஷ்ஷை எடுத்து நுனியிலிருந்து வால்வரை அழுத்தி இழுத்தேன். கோடுகள் நேராக விழுந்தன. மறுபடி இழுத்தபோது மெழுகுத் தூள் கம்பிகளுக்குள் அடைத்துக்கொண்டது. வழக்கம்போல வாயருகே கொண்டுபோனேன்.

ஊத முடியவில்லை. என் மூச்சு எனக்கே நாறியது.